காசி ராஜா வெட்டிக் கொடுத்த கிணறு! - ஓர் இங்கிலாந்து கிராமத்தின் தாகம் தீர்ந்த கதை

அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது, 'இது கண்டிப்பாக போட்டோஷாப்' என்றுதான் நினைத்தேன்.

பச்சைப் புல்வெளி. பின்னால் ஓங்கி நிற்கும் மரங்கள். நடுவில், நாலு பக்கமும் திறந்த ஒரு சின்ன மண்டபம். அதன் தலையில் வட இந்தியக் கோயில்களிலும் அரண்மனைகளிலும் பார்ப்பதுபோல ஒரு குவிமாடம். உள்ளே எட்டிப் பார்த்தால், பொன் நிறத்தில் ஒரு யானை! படத்தின் கீழே, 'இடம்: இங்கிலாந்து' என்று எழுதியிருந்தது.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இப்படி தினமும் நாலைந்து ஃபார்வர்டு மெசேஜ் வரும். பெரும்பாலும் கட்டுக்கதை. உண்மையா, பொய்யா என்று சரிபார்ப்பது எங்கள் வேலை. சரிபார்க்கத் தொடங்கிய எனக்கு இந்த முறை ஆச்சர்யம். படம் உண்மை. அதைவிட, படத்துக்குப் பின்னால் இருக்கும் கதை பெரியது.

அது கோயில் அல்ல, ஒரு கிணறு. இருக்கும் ஊரின் பெயர் ஸ்டோக் ரோ. தண்ணீர் இல்லாமல் தவித்த அந்த இங்கிலாந்து கிராமத்துக்கு, அதைத் தன் சொந்தப் பணத்தில் வெட்டிக் கொடுத்தவர் காசி மகாராஜா!

ஆம், தவறாகப் படிக்கவில்லை. ஆண்ட நாட்டின் கிராமத்துக்கு, ஆளப்பட்ட நாட்டிலிருந்து ஒருவர் கிணறு வெட்டிக் கொடுத்திருக்கிறார். அதுவும் 1857 கிளர்ச்சி நடந்து முடிந்த ஏழே ஆண்டுகளில்.

மழை பெய்யும்... தண்ணீர் இருக்காது!

இங்கிலாந்து என்றாலே நம் நினைவுக்கு வருவது குடையும் மழையும்தான். அந்த ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்கத் தோன்றும். அதற்கு பதில், ஸ்டோக் ரோவின் காலடியில் இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில், சில்டர்ன் குன்றுகளின் மேல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்னக் கிராமம் இது. இந்தக் குன்றுகள் முழுவதும் 'சாக்' எனப்படும் மெல்லிய வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. நம் வகுப்பறைச் சாக்பீஸுக்குப் பெயர் கொடுத்த அதே பாறைதான். இந்தப் பாறை ஒரு பஞ்சு மாதிரி. எவ்வளவு மழை பெய்தாலும், நுண்துளைகளும் வெடிப்புகளும் வழியாகத் தண்ணீரைக் கீழே இறக்கிவிடும். ஆகவே குன்றின் மேல் ஆறு கிடையாது, ஓடை கிடையாது. தண்ணீர் எல்லாம் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் தேங்கி நிற்கும். அடிவாரத்தில்தான் ஊற்றாக வெளியே வரும்.

ஊரிலிருந்து எட்டு, ஒன்பது கிலோமீட்டர் தூரத்தில் தேம்ஸ் நதியே ஓடுகிறது. ஆனால், ஓடுவது பள்ளத்தில். குன்றின் மேல் இருப்பவர்களுக்கு அதனால் என்ன பயன்?

அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். பண்ணைக் கூலிகள், செங்கல் சூளைத் தொழிலாளர்கள், பீச் மரக் காடுகளில் உட்கார்ந்து நாற்காலிக் கால்களைக் கடைந்து கொடுத்தவர்கள். பக்கத்திலிருக்கும் ஹை விகம் நகரம் நாற்காலித் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே செய்த நாற்காலிகளின் கால்கள் பல, இந்தக் குன்றுகளின் காடுகளில் கடையப்பட்டவை.

இவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர்? குன்றின் உச்சியில் சுண்ணாம்புப் பாறைக்கு மேல் அங்கங்கே களிமண் படிந்திருக்கும். அந்தக் களிமண் பள்ளங்களில் தேங்கிய மழை நீர்தான் குட்டை. அதே குட்டையில்தான் ஆடு மாடுகளும் குடிக்கும். மழை தவறிவிட்டால் அதுவும் வற்றிப்போகும். காய்கறி வேகவைத்த தண்ணீரைக்கூடக் கொட்டாமல், வீடு வீடாகக் கைமாற்றிப் பயன்படுத்துவார்கள் என்று அந்த வட்டாரத்தில் சொல்வதுண்டு. குடத்தை எடுத்துக்கொண்டு மைல்கணக்கில் நடந்தவர்கள் எந்த நாட்டில் இருந்தால் என்ன... அந்தப் பாடு ஒரே பாடுதான்.

ஒரு மிடறு தண்ணீருக்காக விழுந்த அடி

ஸ்டோக் ரோவுக்குப் பக்கத்து ஊர் இப்ஸ்டன். அங்கே ரீட் என்ற பண்ணையார் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர், எட்வர்ட் ஆண்டர்டன் ரீட். 1807-ல் பிறந்தவர். பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியராக ஆன சார்லஸ் ரீட், இவருடைய தம்பி.

எட்வர்ட் சின்ன வயதில் ஊரைச் சுற்றி நடந்தபோது ஒரு காட்சியைப் பார்த்தாராம். ஒரு குடிசை வாசலில், ஒரு தாய் தன் மகனைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். சிறுவன் செய்த குற்றம்... வீட்டில் கடைசியாக மிச்சமிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டான். அவ்வளவுதான்.

வசதியான வீட்டில் பிறந்த பையனுக்கு இது புரியாத காட்சி. மனசில் அப்படியே தங்கிவிட்டது.

வளர்ந்த எட்வர்ட், கிழக்கிந்திய கம்பெனியின் அதிகாரியாக இந்தியாவுக்கு வந்தார். பனாரஸுக்கு வடக்கே இருக்கும் அசம்கர் பகுதியில் வேலை. அங்கேயும் மக்கள் தண்ணீருக்குத் தவிப்பதைப் பார்த்தவர், 1831-ல் ஒரு கிணறு வெட்ட உதவினார். சொந்த ஊரின் குடிசை வாசல் அப்போது நினைவுக்கு வந்திருக்குமோ என்னவோ!

படிப்படியாக உயர்ந்து, வடமேற்கு மாகாணங்களின் மூத்த அதிகாரிகளில் ஒருவரானார். 1857 செப்டம்பரில், கிளர்ச்சியின் உச்சத்தில், ஆக்ரா கோட்டைக்குள் மாகாணத்தின் துணை ஆளுநர் கால்வின் இறந்துபோக, சில வாரங்கள் அந்தப் பொறுப்பையும் ரீட்தான் சுமந்தார். 1860-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குத் திரும்பினார்.

காசியில் அவருக்கு நெருக்கமான நண்பர் ஒருவர் இருந்தார். காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங். 1835 முதல் 1889 வரை அந்தப் பட்டத்தில் இருந்தவர். கங்கையின் மறுகரையில் ராம்நகர் கோட்டையில் வாழ்ந்த இவர், இன்றைக்கும் நடக்கும் புகழ்பெற்ற ராம்நகர் ராமலீலாவை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். ரீட் தன் ஊர்க் கதைகளை இவரிடம் சொல்லியிருக்கிறார். மழை கொட்டியும் தண்ணீர் இல்லாத குன்றுகளைப் பற்றி... அடி வாங்கிய அந்தச் சிறுவனைப் பற்றி!

நண்பர் ஊருக்குப் போய்விட்டார். ஆனால், ராஜா அந்தக் கதையை மறக்கவில்லை. இங்கிலாந்தில் ஏதாவது ஓர் அறச்செயல் செய்ய வேண்டும் என்று 1862-ல் அவருக்குத் தோன்றியபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் குடிசை வாசல்தான். ரீடுக்குத் தகவல் போனது. 'அசம்கரில் நீங்கள் ஒரு கிணறு வெட்ட உதவினீர்கள். உங்கள் ஊருக்கு நான் ஒரு கிணறு வெட்டித் தருகிறேன்' என்பதுதான் அதன் சாரம்.

ரீட் நினைத்திருந்தால் அதைத் தன் சொந்த ஊரான இப்ஸ்டனில், தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வெட்டியிருக்கலாம். ஆனால், அதிகத் தவிப்பு ஸ்டோக் ரோவில்தான் என்று அந்த ஊரைக் கைகாட்டினார்.

நாலடி அகலம்... 368 அடி ஆழம்!

1863 மார்ச் 10. அன்று இங்கிலாந்தே திருவிழாக் கோலத்தில் இருந்தது. விக்டோரியா மகாராணியின் மூத்த மகன் எட்வர்டுக்கும் டென்மார்க் இளவரசி அலெக்ஸாண்ட்ராவுக்கும் திருமணம். அதே நாளில் ஸ்டோக் ரோவில் கிணற்றுக்கு முதல் மண் வெட்டப்பட்டது.

இங்கேதான் நான் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிணற்றின் குறுக்களவு வெறும் நாலு அடி. ஆழம் 368 அடி. டெல்லி குதுப்மினார் சுமார் 238 அடி உயரம். அதைத் தலைகீழாக உள்ளே இறக்கினாலும், அடியில் இன்னும் 130 அடி பாக்கி இருக்கும். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் நெல்சன் தூணைப்போல இரண்டு தூண்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாலும், இந்தக் கிணற்றுக்குள் அடங்கிவிடும்.

இது முழுக்க முழுக்கக் கையால் வெட்டப்பட்டது. துளை போடும் இயந்திரம் கிடையாது. நாலடி அகலத்தில் ஓர் ஆள் குனிந்து நிமிர்ந்து வெட்டுவதே சிரமம். வெட்டிய மண்ணையும் பாறையையும் வாளியில் அள்ளிப் போட, மேலே இருப்பவர்கள் கயிறு சுற்றி இழுக்க வேண்டும். கீழே போகப்போக வெளிச்சம் குறையும், காற்று குறையும். நிமிர்ந்து பார்த்தால் வானம் ஒரு சின்னக் காசு அளவுக்குத் தெரியும். மேலிருந்து ஒரு கல் நழுவி விழுந்தால்கூட ஒதுங்க இடமில்லை. ராஜாவின் பெயரும் ரீடின் பெயரும் வரலாற்றில் இருக்கின்றன. அந்த இருட்டுக்குள் நாள்தோறும் இறங்கியவர்களை யாரும் பேசுவதில்லை. இந்தக் கிணறு அவர்களுடையதும்தான்.

செலவுக் கணக்கும் இருக்கிறது. 353 பவுண்டு, 13 ஷில்லிங், 7 பென்ஸ். அன்றைக்குத் தென் இங்கிலாந்தில் ஒரு பண்ணைக் கூலிக்கு வாரத்துக்குப் பத்து, பன்னிரண்டு ஷில்லிங்தான் சம்பளம். ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங். அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு தொழிலாளியின் 12 ஆண்டுச் சம்பாத்தியம் முழுவதையும் இந்தக் கிணறு விழுங்கியிருக்கிறது. ஊர்க்காரர்கள் தாங்களாகச் சேர்ந்து வெட்டியிருக்கவே முடியாத கிணறு இது.

மேலே மண்டபம், குவிமாடம் எல்லாம் சேர்த்து 23 அடி உயரம். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைச் செய்து கொடுத்தது, பக்கத்து நகரமான வாலிங்ஃபோர்டின் வைல்டர் நிறுவனம். சக்கரத்தைக் கையால் சுற்றினால் நிறை வாளி மேலே ஏறும். வெறும் வாளி கீழே இறங்கும். ஒரு வாளி மேலே வந்து சேர ஏறக்குறைய பத்து நிமிடம் பிடிக்கும். அந்த இயந்திரத்துக்கு மேல்தான் நம்ம பொன் யானை நிற்கிறது.

1864 மே 24. விக்டோரியா மகாராணியின் பிறந்தநாள். அன்றைக்குக் கிணறு ஊருக்குத் திறந்துவிடப்பட்டது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். காசு கிடையாது.

கிணற்றோடு ஒரு தோப்பும்!

ஒரு தானம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது, கொடுத்தவர் எவ்வளவு யோசித்தார் என்பதைப் பொறுத்தது. வெட்டிவிட்டுப் போவது சுலபம். கயிறு அறுந்தால் யார் மாற்றுவது? சக்கரம் பழுதானால் யார் பார்ப்பது? நம் ஊர்களில் திறப்பு விழாவோடு நின்றுபோன எத்தனையோ திட்டங்களைப் பார்த்திருக்கிறோம்.

ஸ்டோக் ரோவில் அதற்கும் வழி செய்தார்கள். கிணற்றை ஒட்டி நிலம் வாங்கி ஒரு செர்ரித் தோப்பு வைத்தார்கள். பழம் விற்று வரும் காசில் கிணற்றைப் பராமரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கோயில் விளக்குக்கு நிலம் எழுதிவைப்பதைப் போன்ற அதே யோசனை! தோப்புக்கு ராஜாவின் பெயராலேயே 'ஈஸ்வரி பாக்' என்று பெயர். 'பாக்' என்றால் தோட்டம். தோப்புக்குள் மீன் வடிவத்தில் ஒரு குளம். அதற்கு 'மத்ஸ்யா' என்று பெயர். மீன், காசி அரச குடும்பத்தின் சின்னம். அச்சு அசல் ஓர் இங்கிலாந்து கிராமத்தில், வாயில் நுழையாத சம்ஸ்கிருதப் பெயரைச் சொல்லிக்கொண்டு பிள்ளைகள் விளையாடியிருப்பார்கள்.

கிணற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பாளர். அவர் குடியிருக்கக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே எண்கோண வடிவில் ஒரு குட்டி வீடு. அந்த வீடு இன்றைக்கும் நிற்கிறது.

ராஜா அதோடு விடவில்லை. அரச குடும்பத்தில் ஒரு நல்ல நாள் வந்தாலும், ஏதாவது ஆபத்திலிருந்து அரசி தப்பினாலும், ஸ்டோக் ரோ மக்களுக்கு காசியிலிருந்து ஏதாவது வரும். 1882-ல் விக்டோரியா மகாராணியைச் சுட முயற்சி நடந்து, அவர் உயிர் தப்பினார். அதைக் கொண்டாட, ராஜாவின் செலவில் ஊருக்கே ரொட்டி, தேயிலை, சர்க்கரை எல்லாம் கொடுத்து, மதிய உணவும் போட்டிருக்கிறார்கள்.

இத்தனையும் செய்தவர் அந்தக் கிணற்றை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கடல் தாண்டினால் ஆச்சாரம் கெடும் என்று நம்பிய காலம் அது. 1889-ல் காலமாகும் வரை, தான் கொடுத்த தண்ணீரை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது!

இதுவரை படித்ததும் மனசுக்கு இதமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால், எழுத உட்கார்ந்தபோது ஒரு கேள்வி உறுத்தியது. 1857-ல் காசியில் என்ன நடந்தது?

அந்த ஆண்டு ஜூன் தொடக்கத்தில், கர்னல் நீல் என்ற அதிகாரி தன் படையோடு காசிக்கு வந்து சேர்ந்தார். அவர் எங்கிருந்து வந்தார் தெரியுமா? நம் மெட்ராஸிலிருந்து! 'மதராஸ் ஃபியூசிலியர்ஸ்' என்ற ஐரோப்பியர் படை அது. காசியிலும், அடுத்து அலகாபாத்திலும் அந்த நாள்களில் நடந்த தூக்குகளுக்கும் பழிவாங்கலுக்கும் அளவே இல்லை. குற்றவாளியா, அப்பாவியா என்று பார்க்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நீலுக்கு மெட்ராஸ் மவுன்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். அந்தச் சிலையை அகற்றச் சொல்லி 1927-ல் நம்மவர்கள் நடத்தியதுதான் நீல் சிலை சத்தியாகிரகம். கடலூர் அஞ்சலை அம்மாள் போன்றவர்கள் அதில் சிறைக்குப் போனார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1937-ல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் அந்தச் சிலை அங்கிருந்து அகன்றது.

காசி ராஜா 1857-ல் யார் பக்கம் நின்றார்? பிரிட்டிஷார் பக்கம். அதற்குப் பின்னாலும் ஒரு பழைய கதை உண்டு. 1781-ல் அதே காசியை ஆண்ட சேத் சிங், வாரன் ஹேஸ்டிங்ஸின் பண வசூலை எதிர்த்து நின்று, நாட்டை இழந்து ஓட வேண்டியிருந்தது. அதன்பின் காசி ராஜாக்களுக்குப் பட்டமும் நிலமும் இருந்தன. ஆளும் அதிகாரம் பறிபோயிருந்தது. 1911 வரை இதுதான் நிலை. எதிர்த்தால் என்ன ஆகும் என்று தெரிந்த பரம்பரை அது.

ஆக, இந்தக் கிணறு நட்புக்காக மட்டும் வெட்டப்பட்டதா, அரசாங்கத்தின் நல்லெண்ணத்துக்காகவும் வெட்டப்பட்டதா? இரண்டும் இருந்திருக்கலாம். முதல் மண் வெட்டியது இளவரசர் திருமண நாளில். திறந்தது மகாராணி பிறந்தநாளில். இது தற்செயலாக அமைந்திருக்காது.

இன்னொரு கேள்வியும் வருகிறது. 1860-61-ல்தான் வட இந்தியாவின் தோஆப் பகுதியை ஒரு கடும் பஞ்சம் வாட்டியிருந்தது. 1866-ல் ஒடிசாவில் இன்னொன்று. அந்தப் பணத்துக்கு இங்கேயே எத்தனை கிணறு வெட்டியிருக்கலாம் என்று யாராவது கேட்டால், கேள்வியில் தப்பில்லை.

ஆனாலும், எனக்கு இந்தக் கிணறு வேறொன்றையும் சொல்கிறது. 'இந்தியர்களுக்கு நாகரிகம் சொல்லிக்கொடுக்க வந்தோம்' என்று ஆண்டவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில், அவர்களுடைய தலைநகரத்துக்குப் பக்கத்திலேயே ஏழைகள் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள் என்ற உண்மையை, ஒரு பொன் யானை வெட்டவெளியில் நின்று சொல்லிவிட்டது. உதவி என்பது எப்போதும் மேற்கிலிருந்து கிழக்குக்குத்தான் வரும் என்ற கணக்கையும் அது தலைகீழாக்கிவிட்டது.

ஒருவர் வெட்ட... மற்றவர்கள் தொடர!

லண்டன் மாதிரி பெருநகரத்திலும் நல்ல தண்ணீர் அப்போது பெரிய பிரச்னை. 1854-ல் பிராட் தெரு குழாயடியிலிருந்துதான் காலரா பரவுகிறது என்று டாக்டர் ஜான் ஸ்நோ கண்டுபிடித்துச் சொன்னார். அதன்பின் ஏழைகளுக்கு இலவசமாகச் சுத்தமான குடிநீர் தர வேண்டும் என்று நகரத்தில் ஓர் இயக்கமே தொடங்கியது.

இந்தியாவிலிருந்தும் கைகள் நீண்டன. 1865-ல் ரீடின் சொந்த ஊரான இப்ஸ்டனுக்கு, காசியைச் சேர்ந்த ராஜா சர் தேவ்நாராயண் சிங் ஒரு கிணறு கொடுத்தார். லண்டன் ஹைட் பார்க்கில் ஒரு குடிநீர் ஊற்று மண்டபம் கட்டக் கொடுத்தவர், விஜயநகரம் மகாராஜா. அன்றைய மதராஸ் மாகாணத்தில் இருந்த அதே விஜயநகரம் ஜமீன்தான். அந்த மண்டபம் பிற்பாடு அகற்றப்பட்டுவிட்டது. ஆனால், லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க்கில் 1869-ல் மும்பை பார்சி வணிகர் ஒருவர் கட்டிக் கொடுத்த ஊற்று இன்றும் இருக்கிறது. அவருடைய குடும்பப் பெயர் என்ன தெரியுமா... 'ரெடிமணி'! கவாஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமணி. கேட்டவுடன் கையில் காசு கொடுப்பவர்கள் என்பதால் வந்த பெயராம்.

கங்கை கலந்த கிணறு

எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சக்கரம் சுற்றியது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு, கிணற்றுக்கு வருபவர்கள் குறைந்து, கடைசியில் நின்றும்போனார்கள். பயன்பாடு போனால் பராமரிப்பும் போகும் என்பதுதான் வழக்கம். இங்கே அப்படி ஆகவில்லை. ஊர்க்காரர்கள் கிணற்றைக் கைவிடவில்லை. ஓர் அறக்கட்டளை அதைப் பார்த்துக்கொள்கிறது. குவிமாடத்துக்கு வண்ணம் பூசுகிறார்கள். யானையைப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள்.

1964-ல் கிணற்றுக்கு நூறு வயது ஆனது. அந்த ஏப்ரல் மாதம் நடந்த விழாவுக்கு, எலிசபெத் மகாராணியின் கணவர் பிலிப் வந்தார். காசி அரசரின் சார்பிலும் ஆள் வந்திருந்தார்கள். விழாவின் முக்கியமான தருணம் என்ன தெரியுமா? காசியிலிருந்து கொண்டுவந்த கங்கை நீரை, ஸ்டோக் ரோ கிணற்று நீரோடு கலந்தார்கள்!

காசிக்குப் போய், கங்கை நீரைச் சொம்பில் அடைத்துக்கொண்டு வந்து, ராமேஸ்வரத்தில் ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை நிறைவடையும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கை. அந்தக் கங்கை, ஆக்ஸ்ஃபோர்டுஷயர் குன்றின் மேல் இருக்கும் ஒரு கிராமத்துக் கிணற்றிலும் கலந்திருக்கிறது என்பது, நம்மில் பலருக்குப் புதுச் செய்திதான்.

இந்தக் கதையை வெறும் பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. மழைக்குப் பேர்போன தென்கிழக்கு இங்கிலாந்தை, 'கடும் நீர் நெருக்கடி உள்ள பகுதி' என்று அந்நாட்டு சுற்றுச்சூழல் துறையே இன்று வகைப்படுத்தியிருக்கிறது. ஸ்டோக் ரோவின் அடியில் தண்ணீரைத் தாங்கி நிற்கும் அதே சுண்ணாம்புப் பாறையிலிருந்து, பெருகிவரும் நகரங்களுக்காகத் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. உலகத்தில் மிக அரிதான சாக் ஓடைகள் பலவும் அதனால் இளைத்துக்கொண்டிருக்கின்றன. குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் காலத்தில், 368 அடி ஆழத்தில் என்ன நடக்கிறது என்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

பத்து நிமிடம் சக்கரம் சுற்றினால்தான் ஒரு வாளி தண்ணீர் என்று இருந்தபோது, ஒரு சொட்டைக்கூட யாரும் வீணாக்கியிருக்க மாட்டார்கள்.

யானையை விட, குவிமாடத்தை விட, ராஜாவை விடவும், எனக்கு இந்தக் கதையில் மறக்க முடியாதவர்கள் அந்தத் தாயும் மகனும்தான். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. கடைசி மிடறு தண்ணீரைக் குடித்த குற்றத்துக்காக ஒரு பிள்ளை அழுதான். அந்த அழுகையை ஒரு பணக்கார வீட்டுப் பையன் கேட்டான். கேட்டதை மறக்காமல் கடல் தாண்டி எடுத்துப்போனான். அங்கே ஒருவர் காது கொடுத்துக் கேட்டார். அதன்பின் அந்த ஊரில் எந்தத் தாயும் தண்ணீருக்காகப் பிள்ளையை அடிக்க வேண்டியிருக்கவில்லை.